கண்ணாடியை எந்தப் பக்கம் திருப்புவது

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்தது அல்ல. என் அக்காவிடமிருந்து வந்தது, அதுவும் பூண்டு உரிக்கும்போது. அக்கா சாலைத் துறையில் பொறியாளர். நான் எழுதுகிறவள். அதாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவள் வேலையைக் கிண்டல் செய்கிறவள். அன்றைக்கும் சும்மா இருக்க முடியாமல், "உன் ஆபீஸ்ல தார், ஜல்லி தவிர வேற ஏதாவது நடக்குமாக்கா?" என்று வாயைக் கொடுத்தேன்.

"நடக்காம என்ன? நான் ஒரு கண்ணாடியை லேசாத் திருப்பினேன். ஒரு காதல் நின்னு போச்சு," என்றாள், உரித்த பூண்டை எண்ணெயில் போட்டபடி. அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு சொல் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

தொடக்கம் ஒன்று: "மழை பெய்துகொண்டிருந்தது. வளைந்து செல்லும் அந்தச் சாலையின் ஓரத்தில் தனியாக நின்ற கண்ணாடி, யாருக்காகவோ ஏங்கி —"

(இதை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "மழையே இல்லடி. நல்ல வெயிலு. கண்ணாடி யாருக்காகவும் ஏங்கல, அது பாட்டுக்கு நின்னுது," என்றாள்.)

தொடக்கம் இரண்டு: "சாலைச் சொத்து மேலாண்மை என்பது, ஒரு சாலையின் ஆயுட்காலம் முழுவதிலும் அதன் பராமரிப்பை முன்கூட்டியே —"

(இதைப் படித்துக் காட்டவில்லை. எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.)

கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னாள். நான் எழுத எழுத அவள் படிப்பாள். அவள் துறையில் பொருள்களுக்கு நிலை போடுவதுபோலவே என் பகுதிகளுக்கும் நிலை போடுவாள். ஒன்று என்றால் புதிது மாதிரி. ஐந்து என்றால் எப்போது வேண்டுமானாலும் விழும், பக்கத்தில் யாரையும் நிற்க விடக்கூடாது. மேலே இருக்கும் இரண்டு தொடக்கங்களுக்கும் ஐந்து. அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். கொஞ்சம் தள்ளி நின்று படியுங்கள்.

2

உங்களுக்கு ஒரு விஷயம் சொன்னால்தான் மேலே போக முடியும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

இதுவரை அக்காவின் துறைக்குச் சொத்து என்றால் இரண்டுதான். சாலை, பாலம். அவற்றுக்கு எண் உண்டு, வயது உண்டு, எப்போது பழுது பார்க்க வேண்டும் என்ற திட்டம் உண்டு. மற்றதெல்லாம் 'ஓரம்'. தடுப்புக் கம்பியை லாரி இடித்துவிட்டுப் போனால், யாராவது புகார் கொடுத்தால்தான் ஆள் வரும். அடியில் மதகு ஒன்று இருந்ததே அது அடைத்துக்கொண்டு சாலையில் தண்ணீர் ஏறிய பிறகுதான் தெரியவரும். வழிகாட்டிப் பலகை வெளுத்து, எழுத்தே இல்லாமல், ஊரே இல்லாத ஊருக்குக் கை காட்டிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் ஒரு நாள் உத்தரவு வந்தது. இனிமேல் ஓரமும் சொத்துதான். பலகை, கம்பி, மதகு, விளக்குக் கம்பம், தாங்குசுவர், கண்ணாடி, எல்லாவற்றையும் எண்ணு, நிலை போடு, எண் அடித்த தகரத் துண்டைப் பொருத்து.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "இத்தனை வருஷமா வெயில்லயும் மழையிலயும் நின்னுக்கிட்டு, நம்மைக் காப்பாத்திக்கிட்டு, ஒரு வார்த்தை நன்றி கேக்காத சாமான்டி எல்லாம்! இப்பதான் அதுக்கெல்லாம் விடிவுகாலம்!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கேள்வி இருந்தது: இது யாருடைய பொறுப்பு? எந்த அலுவலகமும் 'எங்களுடையது' என்று சொல்லாத பொருளுக்குக் 'கேட்பாரற்றது' என்று பெயர். கேட்பாரற்றதை மாதக் கடைசிக்குள் பிடுங்கிவிட வேண்டும். விதி அப்படி.

(ஓரம்: கதை எழுதுகிறவர்களும் இப்படித்தான். சாலையையும் பாலத்தையும் மட்டும் எண்ணுவோம். சண்டை, சாவு, கல்யாணம். நடுவில் ஒருத்தர் வாசலுக்கு வந்து நின்றது, இன்னொருத்தர் அதைப் பார்த்தது, இதெல்லாம் ஓரம். இதை எழுதிவிட்டு எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. அக்கா போட்ட நிலை: மூன்று. "நல்லாத்தான் இருக்கு. ஆனா ரோட்டை மறைக்குது, ஓரமா நகத்து.")

3

ஊரை விட்டு மேடேறும் சாலையில் ஒரு முரட்டு வளைவு. வளைவுக்கு இந்தப் பக்கம் பேருந்து நிறுத்தம். அந்தப் பக்கம் ஒரு சலூன். நடுவில் ஆளுயரத்துக்கு மேல் தாங்குசுவர். நிறுத்தத்தில் நின்றால் சலூன் தெரியாது, சலூனில் நின்றால் நிறுத்தம் தெரியாது. எதிர் விளிம்பில் ஒரு கம்பம். அதன் உச்சியில், வயிறு முட்டச் சாப்பிட்டவர் போல முன்னால் உப்பிய வட்டக் கண்ணாடி.

காலையிலிருந்து மூன்றும் நான்கும் போட்டுப் போட்டுச் சலித்திருந்த அக்கா, அந்தக் கண்ணாடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஒரு தூசு இல்லை. ஒரு கீறல் இல்லை. கம்பத்துக்குக்கூட யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தச் சாலையிலேயே நிலை ஒன்று வாங்கிய ஒரே பொருள் அதுதான். சந்தோஷம் தாங்காமல், அதில் பார்த்துத் தலையைக்கூடச் சரிசெய்துகொண்டாள்.

அப்போதுதான் கோணத்தைக் கவனித்தாள். கண்ணாடியில் பாதி சாலை, பாதி ஒரு கடை வாசல்.

"கடை வாசலைப் பாக்கவா கண்ணாடி?" என்றாள் வாய்விட்டே. எதிரே வரும் வண்டியல்லவா தெரிய வேண்டும்? கோணலாக இருக்கும் ஒன்றைக் கோணலாகவே விட்டுவிட்டுப் போக அக்காவால் முடியாது. என் வீட்டுக்கு வந்தால் முதலில் நாள்காட்டியை நேராக மாட்டிவிட்டுத்தான் தண்ணீர் கேட்பாள். ஜீப்பிலிருந்து ஏணியை இறக்கினாள், ஏறினாள், ஸ்பேனரைப் போட்டு நட்டைத் தளர்த்தினாள், திருப்பினாள், இறுக்கினாள். இப்போது சாலை முழுதாகத் தெரிந்தது. கடை வாசல் போயே போய்விட்டது. பெரிய மனதுடன் கண்ணாடியைத் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கினாள்.

பிறகு, யாருடையது என்று விசாரித்தாள். போக்குவரத்து அலுவலகம், எங்களுடையது இல்லை என்றது. ஊராட்சி அலுவலகம், அப்படி ஒரு கண்ணாடியா என்று அவளையே திருப்பிக் கேட்டது. ஒழுங்காக இருக்கும் ஒரே பொருளைத்தான் மாதக் கடைசியில் பிடுங்க வேண்டுமா? அதை வைத்தவரைக் கண்டுபிடித்தே தீருவது என்று மறு வாரமே மறுபடி கிளம்பினாள்.

(ஓரம்: கண்ணாடியை வைத்தது யார்? முதல் பிரதியில் நான் இப்படி எழுதியிருந்தேன்: "அந்த வளைவில்தான் அவர் தன் ஒரே மகனை —" அக்கா பேனாவைப் பிடுங்கிவிட்டாள். "யாருமே சாகலடி! ஏன் எப்பப் பாத்தாலும் ஒருத்தரைக் கொன்னுடுற? ஒரு கண்ணாடி வைக்க ஒரு உசுரு போகணுமா?" நிலை ஆறு என்று போட்டிருக்கிறாள். அப்படி ஒரு நிலையே கிடையாது.)

4

விசாரிக்கத்தான் சலூனுக்குள் நுழைந்தாள். ஆனால் உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்காராமல் நிற்பதைச் சலூன்கார அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். அக்கா வாய் திறப்பதற்குள் கழுத்தில் துணி கட்டியாயிற்று.

"நுனி மட்டும் வெட்டிவிடறேன். நுனியெல்லாம் பிளந்து கெடக்கு பாருங்க," என்றார் அந்த அம்மா. ஐம்பதை ஒட்டிய வயது, சுறுசுறுப்பான கை, சிடுசிடு முகம்.

இடது பக்கம் வெட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, அக்கா மெல்ல ஆரம்பித்தாள். "வெளியில கம்பத்துல ஒரு கண்ணாடி இருக்கே..."

கத்தரி அவள் காதுக்குப் பக்கத்தில் நின்றது. "அதை ஏன் கேக்குறீங்க! எந்தப் படுபாவியோ வந்து திருப்பிட்டுப் போயிட்டான். அவன் நல்லாவே இருக்க மாட்டான்!"

அக்கா காதைக் கத்தரியிலிருந்து தள்ளிக்கொண்டாள். "அவங்க ஒருவேளை... பாதுகாப்புக்காகத் திருப்பியிருக்கலாம் இல்லையா?"

"என்ன பெரிய பாதுகாப்பு? இத்தனை நாளா எல்லாரும் மோதிக்கிட்டா கெடந்தாங்க? அது என் கண்ணாடிங்க. நான் வாங்கினது, நான் வச்சது, தெனம் நான்தான் துடைக்கிறேன்!"

இப்படித்தான் தெரிந்தது. அந்த அம்மா கடைக்கென்றுதான் அதை வாங்கியிருக்கிறார். மூலையில் மாட்டினால் பின் நாற்காலியில் இருப்பவரும் தெரிவாரே என்று. மாட்டிப் பார்த்தால், வருகிறவர்கள் முகமெல்லாம் அதில் உப்பித் தெரிந்திருக்கிறது. ஒருத்தர் விடாமல், "என் கன்னம் இப்படியா இருக்கு?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பேர் வெட்டிக்கொள்ளாமலே எழுந்து போய்விட்டார்கள். வெறுத்துப்போய், பக்கத்துப் பட்டறை வெல்டரிடம் சொல்லி, வளைவில் கம்பம் நட்டு ஏற்றிவிட்டார்.

"ரோட்டுக்காவது உதவட்டும்னு வச்சேன்," என்றவர் குரல் இறங்கியது. "அப்புறம் பாத்தா, அதுல பஸ் ஸ்டாப் தெரிஞ்சுது."

வெளியே பேருந்து உறுமும் சத்தம் கேட்டது. கத்தரியோடு வாசலுக்கு ஓடினார் அந்த அம்மா. அதற்குள் பேருந்து வளைவைத் தாண்டிவிட்டது. ஓட்டுநர், கழுத்து சுளுக்கியவர் போல நேராகப் பார்த்துக்கொண்டே போனார்.

"பாத்தீங்களா? திரும்பிக்கூடப் பாக்கல," என்று வந்து நின்றவரின் கண் கலங்கியிருந்தது. "முன்னெல்லாம் ஸ்டாப்புல பஸ் நிக்கிறது கண்ணாடியில தெரியும். வேலை இல்லைன்னா நான் வாசலுக்கு வருவேன். அது அவருக்குக் கண்ணாடியில தெரியும். இறங்கி வருவார். ஒரு டீ குடிப்பார், முடி வெட்டச் சொல்வார். வெட்ட அங்க என்னங்க இருக்கு? சும்மா கத்தரிச் சத்தம் மட்டும் குடுப்பேன். அது போதும்னு எந்திரிச்சுப் போவார்."

"பேசுவீங்களா?"

"பேசாம! வெயில் சாஸ்தின்னு நான் சொல்வேன், ஆமாம்பார். இப்ப பஸ்ஸு வர்றதே எனக்குத் தெரியல. எனக்குத் தெரியலைன்னு அவருக்குத் தெரியுமா? நான்தான் வேணும்னே வரலைன்னு நினைச்சுக்கிட்டார். ரோஷம்! நானா போயி நிறுத்திச் சொல்ல முடியுமா? எனக்கும் ரோஷம் இருக்குல்ல?"

அக்காவுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, தான் நேராக்கிய ஒன்று கோணலாகிப் போனதைப் பார்த்தாள். "கத்தரியைக் கொஞ்சம் கீழ வைங்க. ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

சொன்னாள். தான் யார், ஸ்பேனர் யாருடையது, கண்ணாடியை மாதக் கடைசியில் பிடுங்கப்போகிறார்கள், எல்லாவற்றையும்.

சலூன்கார அம்மா அக்காவின் கழுத்துத் துணியை அவிழ்த்து உதறினார். "இன்னும் வலது பக்கம் வெட்டலையே?" என்றாள் அக்கா.

"மொதல்ல என் கண்ணாடிக்கு வழி பண்ணுங்க. அப்புறம் வலது பக்கம்."

(ஓரம்: ஓட்டுநருக்கு வழுக்கை என்று நான் நேராகவே எழுதியிருந்தேன். "பாவம்டி, எடுத்துடு," என்றாள் அக்கா. எடுத்துவிட்டேன். நீங்களும் கவனிக்காததுபோல் இருந்துகொள்ளுங்கள்.)

5

வழி ஒன்று இருந்தது. தனியாள் வந்து 'என்னுடையது' என்றால் செல்லாது, ஆனால் கேட்பாரற்ற பொருளைத் துறையே தத்தெடுத்துக்கொள்ளலாம். அதற்கு, அந்தச் சாலையைத் தினமும் பயன்படுத்துகிற ஒருவர், அந்த இடத்திலேயே நின்று, அது தனக்கு எதற்குப் பயன்படுகிறது என்று வாயால் சொல்ல வேண்டும். பொறியாளர் காதால் கேட்க வேண்டும்.

ஒரு பக்கம் குட்டையும் ஒரு பக்கம் நெட்டையுமான தலையோடு, அக்கா நிறுத்தத்தில் காத்திருந்து பேருந்தை மறித்தாள். ஓட்டுநரைப் பயணிகள் 'பிரேக் அண்ணன்' என்பார்கள். அந்த வளைவுக்கு முன்னால் மட்டும் அவர் அப்படி மெதுவாக்குவார். கவனமான மனிதர் என்று எல்லோரும் மெச்சுவார்கள்.

கண்ணாடிக்குக் கீழே அவரைக் கூட்டிவந்து நிறுத்தினாள். பேருந்து ஜன்னல் முழுக்கத் தலைகள். சத்தம் கேட்டுச் சலூன்கார அம்மாவும் வளைவைச் சுற்றி வந்துவிட்டார். கையில் டீ கிளாஸ். யாருக்கென்று யாரும் கேட்கவில்லை.

"அண்ணே, இந்தக் கண்ணாடி உங்களுக்கு எதுக்குப் பயன்படுது?" என்றாள் அக்கா.

பிரேக் அண்ணன் தன் செருப்பைப் பார்த்தார். "பாதுகாப்புக்குத்தான்."

"என்ன பாப்பீங்க அதுல?"

"ரோடு."

"ரோட்டுல?"

"...ரோடு."

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் அக்கா. "நீங்க சரியாச் சொல்லலைன்னா இதைப் பிடுங்கிடுவாங்க. இந்தக் கண்ணாடி இனிமே இங்க இருக்காது."

அவர் முதலில் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, பல நாள் கழித்து, அந்த அம்மாவைப் பார்த்தார்.

"மொதல்ல, இவங்க வாசலுக்கு வர்றாங்களான்னு பாப்பேன்," என்றார். "அப்புறம்தான் எதிர்ல வண்டி வருதான்னு பாப்பேன்."

இந்த இடத்தில் அக்கா நெகிழ்ந்து போயிருக்க வேண்டும். நான் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அக்கா பொறியாளர். "என்னது!" என்று அலறினாள். "மொதல்ல வண்டியைப் பாருங்கண்ணே! பஸ்ல இத்தனை பேர் இருக்காங்க!"

பேருந்தே சிரித்துக் குலுங்கியது. பிரேக் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "இப்ப வாசல் தெரியலைங்க. நான் வர்றது இவங்களுக்குப் பிடிக்கல போலன்னு இருந்துட்டேன். மனசு கேக்கல. ஆனா இருந்துட்டேன்."

"பிடிக்கலைன்னா சொல்ல மாட்டேனா? எனக்கென்ன வாய் இல்லையா?" என்றார் சலூன்கார அம்மா. குரல் சண்டை, முகம் வேறு. டீயை அவர் கையில் திணித்தார். "அந்தப் பொண்ணு சொல்றதைக் கேளுங்க. மொதல்ல வண்டியைப் பாருங்க. நான் எங்க போயிடப் போறேன்?"

ஜன்னல்களில் கைதட்டல். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 'பொறுப்பு' என்ற இடத்தில் தன் அலுவலகத்தின் பெயரை எழுதினாள். எண் அடித்த தகரத் துண்டைக் கம்பத்தில் பொருத்தினாள். கண்ணாடி கேட்பாருள்ள கண்ணாடி ஆயிற்று. இனி அதை யாரும் பிடுங்க முடியாது.

(அக்கா போட்ட நிலை: ஒன்று. அதை எழுதிவிட்டு, "மூக்கை உறிஞ்சினதை எடுத்துடு," என்றும் எழுதியிருக்கிறாள். எடுக்கமாட்டேன். கதைக்குப் பொறுப்பு நான்.)

6

இனி மிச்சம் ஒன்றுதான். கோணம்.

ஏணி சாத்தியாயிற்று. அக்கா ஏறி, நட்டைத் தளர்த்திவிட்டாள். பழையபடி திருப்பினால் வாசல் தெரியும், சாலை பாதிதான் தெரியும். இப்படியே விட்டால் சாலை தெரியும், வாசல் தெரியாது.

முடிவு ஒன்று: அக்கா பழையபடியே திருப்பிவிட்டு, இரு கைகளையும் தட்டிக்கொண்டு — (நிலை நான்கு. "என் வேலையைக் காலி பண்ணாதே.")

முடிவு இரண்டு: கண்ணாடி சாலையைப் பார்க்கிறது, அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் நேரிலேயே பார்த்துக்கொள்கிறார்கள், ஆகவே இனி அவர்களுக்கு — (நிலை மூன்று. "பேச்சுதான் அழகு. பஸ்ஸு நிக்கிறது அந்தம்மாவுக்கு எப்படிடி தெரியும்?")

முடிவு மூன்று: அக்கா ஜீப்பிலிருந்து இரண்டாவது கண்ணாடி ஒன்றை எடுத்து — ("ஜீப்புல ஏதுடி கண்ணாடி? நான் என்ன கண்ணாடிக் கடையா வச்சிருக்கேன்?")

"சரி, அப்ப நீ நிஜமா எந்தப் பக்கம்தான் திருப்பினே?" என்று கேட்டேன். அக்கா சிரித்தாள். அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். அப்போது கவனித்தேன். அவள் முடி இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில், அழகாக வெட்டியிருந்தது.

அதற்குமேல் எனக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் ஏறுங்கள். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். இந்தாருங்கள் ஸ்பேனர். கீழே பேருந்தில் பாதிப் பேர் "இடது!" என்கிறார்கள், பாதிப் பேர் "வலது!" என்கிறார்கள். அவர்களை விடுங்கள். கண்ணாடியை மட்டும் பாருங்கள். மெதுவாகத் திருப்புங்கள், இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு நூல். எதிரே வரும் வண்டியும் தெரிய வேண்டும், ஒருத்தர் வாசலுக்கு வந்து நிற்பதும் தெரிய வேண்டும். அப்படி ஒரு கோணம் இருக்கிறதா இல்லையா என்பது கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற உங்களுக்குத்தான் தெரியும். கிடைத்ததும் இறுக்கிவிட்டு இறங்குங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். அவர் டீ ஆறிக்கொண்டிருக்கிறது.